திரையுரை ஆசிரியரும் அரங்கேற்றமும்

1. முன்னுரை

தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் நாடகத்திற்கு ஓர் இயலேனும் ஒதுக்குகின்றன. திரைப்படத்திற்கு எழுதியோரைப் பற்றி ஒரு பத்தி கூறுதலும் அவற்றுள் அரிது. 1931-ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ வெளிவந்த நாள்தொட்டு, ஏடு திறந்து படிக்கும் வாய்ப்பற்ற தமிழ்மக்கள் பலர், ஒருவர் அமர்ந்து எழுதிய தமிழைக் காதாரக் கேட்ட இடம் திரையரங்கே ஆகும். அத்தமிழை எழுதியோர் யாவர், அவர் எங்ஙனம் பயின்றனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினாக்கள் தமிழாராய்ச்சிக்குப் புறம்பானவை ஆகா.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. யாம் வாழும் வேப்பம்பட்டு, சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் திருநின்றவூரை அடுத்துள்ள ஊர். அவ்வூரினின்று நாள்தோறும் எம்முடன் மின்தொடர்வண்டியில் வந்துகொண்டிருந்த முதுகலை மாணவர் ஒருவர், ஒருநாட் காலை, படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் திரைப்படத்திற்கு எழுதப் போவதாகக் கூறினார். அவர்தம் தந்தையார் அம்பத்தூர்ப் பக்கத்தில் ஒரு பட்டறைத் தொழிலாளர். படிப்பு முடிந்ததும் வேலைக்குச் செல்லவேண்டும் என்பது வீட்டாரின் எதிர்பார்ப்பு. “ஐயா, எழுத நினைப்பவனுக்கு வேலை என்பது கால்விலங்குதானே?” என்று அவர் வினவினார். “படிப்பை முடியுங்கள், பிறகு பார்க்கலாம்” என்று கூறி யாம் அமைந்தோம். ஆசிரியர் எவரும் கூறக்கூடிய அவ்விடையில் சான்று யாதும் இல்லை என்பதை வண்டி ஆவடியை அடையுமுன்னரே உணர்ந்தோம். அம்மாணவர்தம் வினாவுக்குத் தமிழ்த் திரையுரை ஆசிரியர்களின் வாழ்க்கை வரலாறு தரும் விடை யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈண்டு ‘திரையுரை’ என்னும் சொல்லைத் திரைக்கதை, உரையாடல் ஆகிய இரண்டையும் குறிக்கும் பொதுச்சொல்லாக ஆளுகின்றோம். முற்காலப் படங்களில் ‘வசனகர்த்தா’ எனவும், பின்னர்க் ‘கதை, வசனம்’ எனவும், அதன்பின் ‘திரைக்கதை’ எனவும் பெயர்ப்பட்டியலில் குறிக்கப்பெற்றவர்தம் தொழில் அனைத்தும் இதனுள் அடங்கும்.

2. அரங்கேற்றம் என்னும் மரபு

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இவ்வாராய்ச்சிக்குத் தக்க தொடக்கமாக அமைகின்றது. மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் மன்னன் அவையில் ஆடிக் காட்டினாள் என்று அக்காதை கூறுகின்றது. அவளுக்குத் துணைநின்ற ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் அமைதியை இளங்கோவடிகள் தனித்தனியே விரித்துரைக்கின்றார்.

இதனால் அறியப்படுவன இரண்டு. ஒன்று, கூத்தின்கண் புலவன் பலருள் ஒருவன். அவனுடைய சொல் ஆடுவோன் உடலிலும் பாடுவோன் குரலிலும் புகுந்த பின்னரே நிறைவு பெறும். மற்றொன்று, அவைமுன் ஏறிய பின்னரே கலை கலையாக ஏற்கப்பெறும். நூல்களும் அவையில் அரங்கேற்றப்பெற்றமை தமிழ்மரபு. எழுதியவன் தானே வாய்விட்டுப் படிக்க, கேட்போர் தடை எழுப்ப, அவன் விடை கூற, அங்ஙனம் நூல் திருந்திற்று. தமிழ்த் திரையுரை ஆசிரியருள் நிலைபெற்ற பெரும்பாலோர், திரைக்கு வருமுன்னரே வேறோர் அவையில் இத்தகைய அரங்கேற்றம் கண்டவர் என்பதே யாம் நிறுவக் கருதும் கருத்து. அவ்வவை இதழாகவோ நாடகமேடையாகவோ அலுவல் முடிந்த மாலைநேரத்துச் சபாவாகவோ இருந்தது. இவற்றை முறையே ஆராய்வோம்.

3. இதழிலிருந்து திரைக்கு

தொடக்ககாலப் பேசும் படங்களில் பாடல்களே மிகுந்திருந்தன. உரையாடல் பாடல்களை இணைக்கும் கயிறாகவே பயன்பட்டது. இந்நிலையை மாற்றியவருள் தலையாயவர் இளங்கோவன். செங்கற்பட்டைச் சார்ந்த இவர்தம் இயற்பெயர் தணிகாசலம். 1933-இல் தோன்றிய ‘மணிக்கொடி’ இதழோடு தொடர்புடைய எழுத்தாளர் இவர். 1937-இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’ இவருக்குப் புகழ் தந்தது. அப்படத்தின் இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்க நாட்டினர், தமிழ் அறியாதவர். மொழியறியா இயக்குநர் ஒருவர் உரையாசிரியரையே பெரிதும் நம்பவேண்டியிருந்தமையால், எழுதுபவனின் இடம் உயர்ந்தது. அதன்பின் ‘கண்ணகி’ (1942), ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944) ஆகியன இளங்கோவன் பெயரை நிலைநிறுத்தின. சிலம்பின் ஆசிரியரை நினைவூட்டும் புனைபெயர் பூண்டவர் கண்ணகி கதைக்கே உரை எழுதியது பொருத்தமுடைய நிகழ்ச்சி.

‘மணிக்கொடி’ 1935-இல் சிறுகதை இதழாக மாறியபோது அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் பி. எஸ். ராமையா. இவரும் திரையுலகிற் புகுந்து பல படங்களுக்கு எழுதினார். ஆயினும் இவர் திரையோடு நின்றாரல்லர். எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் குழுவிற்குத் ‘தேரோட்டி மகன்’ முதலிய நாடகங்களை எழுதியளித்தார். இவர்தம் ‘போலீஸ்காரன் மகள்’ நாடகம் 1962-இல் ஸ்ரீதர் இயக்கத்தில் படமாயிற்று. முதுமையில் எழுதிய ‘மணிக்கொடி காலம்’ என்னும் நூலுக்கு 1982-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. திரை இவருடைய வாழ்வில் ஒரு பகுதி, முழுவாழ்வும் அன்று.

இக்குழுவினருள் மூன்றாமவராகிய புதுமைப்பித்தனின் வரலாறு துயரம் மிக்கது. ‘தினமணி’, ‘தினசரி’ ஆகிய நாளிதழ்களில் பணியாற்றிய இவர், பின்னர்த் திரைத்தொழிலை நாடினார். ‘அவ்வையார்’, ‘காமவல்லி’ ஆகிய படங்களுக்கான எழுத்துப்பணியில் ஈடுபட்டார், தாமே படமெடுக்கும் முயற்சியிலும் இறங்கினார், அம்முயற்சி நிறைவேறவில்லை. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘ராஜமுக்தி’ படத்திற்காகப் பூனா சென்றிருந்தபோது காசநோய் முற்றியது. 1948-இல், 42-ஆம் அகவையில், திருவனந்தபுரத்தில் உயிர் நீத்தார். தமிழ்ச் சிறுகதையின் முதல்வருள் ஒருவராக இன்று யாவரும் போற்றும் ஒருவர், நிலையான ஊதியம் இன்றித் திரையை நம்பிச் சென்ற இறுதியாண்டுகள் இவை.

இம்மூவரும் ஒரே இதழ்க்குழுவினர். எழுத்தாற்றலில் குறைந்தவர் எவரும் இலர். எனவே ஆற்றல் மட்டுமே ஒருவரைத் திரையுலகில் காக்கும் என்பது வரலாற்றுக்கு ஒவ்வாத கருத்து. பிறிதோர் அவையைக் கைவிடாமல் வைத்திருந்தவர் அதனுள் மீண்டு வர இயன்றது என்பதை ராமையாவின் வாழ்வு காட்டுகின்றது.

4. மேடையிலிருந்து திரைக்கு

1940-களின் பிற்பகுதியில் திரையுரையின் ஊற்று இதழிலிருந்து நாடகமேடைக்கு மாறிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வளர்ந்த பாலர் நாடகக் குழுக்களும், சீர்திருத்தக் கருத்துகளை மக்களிடம் கொண்டுசெல்ல எழுந்த நாடகங்களும் இம்மாற்றத்திற்குக் காரணம்.

சி. என். அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’, கே. ஆர். ராமசாமியின் குழுவினரால் மேடையில் நடிக்கப்பெற்று மக்கள் வரவேற்பைப் பெற்ற பின்னரே, 1949-இல் ஏ. எஸ். ஏ. சாமியின் இயக்கத்தில் படமாக வந்தது. சக்தி டி. கே. கிருஷ்ணசாமி நாடகக்குழு நடத்தியவர். அவர் எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1957-இல் சிவாஜி நாடக மன்றத்தின் மேடையில் ஏறி, 1959-இல் திரைக்கு வந்தது. ஸ்ரீதரின் ‘இரத்தபாசம்’ டி. கே. எஸ். சகோதரர்களின் மேடை வழியே 1954-இல் படமாயிற்று. ஐந்தாண்டு கழித்து, ‘கல்யாணப் பரிசு’ வாயிலாக அவர் இயக்குநரானார். டி. கே. எஸ். குழுவில் நடிகராக வளர்ந்த ஏ. பி. நாகராசன் தம் ‘நால்வர்’ நாடகத்தின் வழியே 1953-இல் திரைக்கு வந்தார்.

மேடையில் எழுதுவோனுக்குக் கிடைத்த பயிற்சி எத்தகையது? முதல்நாள் ஆட்டத்தில் அவையோர் சிரிக்க எண்ணிய இடத்தில் சிரியாது இருந்தால், மறுநாள் ஆட்டத்திற்கு முன் அவ்வடியை மாற்றலாம். நடிகரின் மூச்சு எந்த வாக்கியத்தில் தடுமாறுகின்றது என்பதைத் திரைச்சீலைக்குப் பின் நின்று கேட்கலாம். ஒரே நாடகம் பலமுறை நடிக்கப்பெறும்போது அது பலமுறை திருத்தமும் பெறுகின்றது. இதழாசிரியனுக்கு வாசகரின் முகம் தெரிவதில்லை; மேடையாசிரியனுக்கு அவையின் மௌனமும் ஒரு திறனாய்வு.

மு. கருணாநிதியின் தொடக்க ஆண்டுகள் இப்பகுதியில் தனியே எண்ணத்தக்கன. திருவாரூரில் நாடகம் எழுதியும், ஈரோட்டில் ‘குடிஅரசு’ இதழில் துணையாசிரியராகப் பணியாற்றியும் பயின்ற பின்னரே அவர் கோவையில் ஜூபிடர் நிறுவனத்தின் ‘ராஜகுமாரி’ (1947) படத்திற்கு எழுதினார். அப்படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் உதவியாளராகவே குறிக்கப்பெற்றார். அடுத்து எழுதிய ‘அபிமன்யு’ (1948) படத்தில் அவர் பெயரே இடம்பெறவில்லை. இரண்டாண்டு கழிந்தபின், தம் நாடகத்தையே அடிப்படையாகக் கொண்ட ‘மந்திரி குமாரி’ (1950) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் படமாயிற்று. அம்பிகாபதியை இயக்கிய டங்கனே அதற்கும் இயக்குநர். 1952-இல் வந்த ‘பராசக்தி’, பாவலர் பாலசுந்தரத்தின் மேடை நாடகத்தைத் தழுவியது. தமிழகம் முழுதும் ஒருவர்தம் உரையாடலை மனனம் செய்து ஒப்பித்த காலம் அதன்பின் வந்தது. அதற்கு முன் பெயரின்றி எழுதிய காலம் ஒன்று இருந்தது என்பதைப் புதிதாக எழுத வருவோர் மறத்தலாகாது.

5. அலுவலகத்திலிருந்து அரங்கிற்கு

எம் மாணவரின் வினாவிற்கு நேர்விடை தருவது இப்பகுதியே.

தொழில் ஒன்றைக் கைக்கொண்டு, மாலைநேரத்தில் நாடகம் வளர்க்கும் மரபைச் சென்னையில் நிலைநாட்டியவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த இவர் வழக்கறிஞர், பின்னர் நீதிபதி. தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். 1895-இல் எழுதப்பெற்ற இவர்தம் ‘மனோகரா’ 1936-இலும் 1954-இலும் திரைப்படமாயிற்று. பின்னதற்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் எழுதப்பெற்ற ஒரு நாடகம் ஏறத்தாழ அறுபதாண்டு கழிந்தும் உயிரோடு இருந்தமையை இது காட்டுகின்றது.

இம்மரபு விடுதலைக்குப் பின் புத்துயிர் பெற்றது. 1952-இல் ஒய். ஜி. பார்த்தசாரதியின் ‘யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ குழு தோன்றிற்று. கே. பாலசந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அறிவியற் பட்டம் பெற்றவர். சென்னையில் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’ முதலிய நாடகங்களை மேடையேற்றினார். அவற்றின் புகழே அவருக்கு 1964-இல் ‘தெய்வத்தாய்’ படத்திற்கு உரையாடல் எழுதும் வாய்ப்பைத் தந்தது. அவ்வாண்டிலேயே ‘சர்வர் சுந்தரம்’ கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாயிற்று. 1965-இல் ‘நீர்க்குமிழி’யைத் தாமே இயக்கினார். பதினான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு இதன் பின்னே இருந்தது எனலாம். 1949-இல் பட்டம் பெற்றவர் 1964-இல் தான் திரையில் முதற்பெயர் கண்டார்.

இனி வேப்பம்பட்டு வண்டி நாள்தோறும் கடந்து செல்லும் ஊர்களுக்கு வருவோம். அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலை இருந்தது. அந்நிறுவனத்தில் இயந்திரம் இயக்கும் தொழிலாளராகப் பணிபுரிந்தவர் சுந்தரம். ஓய்வு நேரத்தில் ஒய். ஜி. பார்த்தசாரதியின் குழுவில் சேர்ந்து நாடகத்தொழில் பயின்றார். அவர் எழுதிய ‘வியட்நாம் வீடு’ சிவாஜி நாடக மன்றத்தினரால் நடிக்கப்பெற்று, 1970-இல் பி. மாதவன் இயக்கத்தில் படமாயிற்று. அதன்பின் அவர் பெயரே ‘வியட்நாம் வீடு’ சுந்தரம் என்றாயிற்று. மேடையில் ‘கண்ணன் வந்தான்’ என வழங்கிய அவர்தம் நாடகம் 1973-இல் ‘கௌரவம்’ என்னும் படமானது. அதனை இயக்கியவரும் அவரே. 2016-இல் அவர் மறைந்தார்.

‘வியட்நாம் வீடு’ பணியோய்வு பெறும் அலுவலர் ஒருவரின் கதை. ஊதியம் வருங்காறும் நிலைத்த மதிப்பு, ஊதியம் நின்ற அன்றே சொந்த வீட்டில் தளர்வதை அது காட்டுகின்றது. மாதந்தோறும் சம்பள நாளை எதிர்நோக்கி வாழ்ந்த ஒருவர் எழுதுதற்குரிய பொருள் அது. தொழிற்சாலை வாயில், சங்கொலி, ஊதியச் சீட்டு ஆகியவற்றோடு வாழ்ந்த காலத்தை எழுத்திற்கு இழப்பாகக் கணக்கிடுதல் பொருந்தாது. அக்காலமே அவருக்குப் பொருள் கொடுத்தது என்று கருதுதலே தகும்.

அம்பத்தூரைக் கடந்து கொரட்டூரை அணுகினால் அருகில் இருப்பது பாடி. அங்குத் தொழிற்சாலை கொண்ட சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர் மோகன். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற காலத்திலேயே சிறுநாடகம் எழுதத் தொடங்கினார். 1976-இல் எஸ். வி. சேகரின் குழுவிற்கு எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ பெற்ற வரவேற்பால் ‘கிரேஸி’ என்னும் அடைமொழி அவரைச் சேர்ந்தது. அவர்தம் நாடகமொன்று பாலசந்தரின் இயக்கத்தில் ‘பொய்க்கால் குதிரை’ (1983) என்னும் படமாயிற்று. பின்னர் ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989), ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990), ‘அவ்வை சண்முகி’ (1996) ஆகியவற்றின் உரையாடல்கள் அவர்க்குப் பெரும்புகழ் தந்தன. 2019-இல் மறையுங்காறும் மேடையை அவர் விட்டாரல்லர். ஒரு சொல்லின் இருபொருளைப் பற்றிக்கொண்டு உரையாடலை விரைந்து வளர்க்கும் அவர்தம் முறை, சிலேடை என்னும் பழைய அணியின் புதிய வடிவம். அவ்விரைவைச் சபாக்களின் அவையோரே அவருக்குக் கற்பித்தனர். சிரிப்பொலி அடங்கும்வரை அடுத்த வாக்கியத்தை நிறுத்திவைக்கும் கணக்கு ஏட்டில் கற்றற்கு உரியதன்று.

இதே மரபின் பிறிதொரு கிளை சுஜாதா. பெங்களூரு பாரத் மின்னணு நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே புனைகதை எழுதிய அவர், ‘ரோஜா’ (1992), ‘இந்தியன்’ (1996) முதலிய படங்களுக்கு உரையாடல் எழுதினார். இளையோர்க்கெனத் ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’ என்னும் நூலையும் அளித்தார். அவருக்கு அவையாக அமைந்தது வாரஇதழ் வாசகர் கூட்டம்.

நீதிமன்றம், கணக்காயர் அலுவலகம், டயர்த் தொழிற்சாலை, பொறியியற் கூடம் ஆகிய நான்கிடத்தும் வேலை எழுத்தைக் கொன்றதாகச் சான்றில்லை. வேலை ஓர் உரிமையைத் தந்தது. கூலிக்காகப் பொருந்தா எழுத்தை ஏற்கவேண்டிய கட்டாயம் இன்மையே அவ்வுரிமை. புதுமைப்பித்தனுக்குக் கிடையாது போனதும் அதுவே.

6. சொல் சுருங்கிய வரலாறு

அரங்கேற்றம் மட்டுமே போதுமோ என்று வினவின், போதாது என்பதே விடை. மேடையின் பழக்கம் திரைக்குத் தடையாதலும் உண்டு. தொல்காப்பியர் கூறும் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் பாகுபாட்டை இங்கு நினைத்தல் நலம். இளங்கோவன் காலத்தும் அவர்க்குப் பிற்பட்ட இருபதாண்டுகளிலும் திரையுரை நாடக வழக்கின் பக்கம் நின்றது. ஸ்ரீதர் முதலியோர் அதனை உலகியல் வழக்கின் பக்கம் திருப்பினர்.

இம்மாற்றத்தைத் தம் ஒருவர் வாழ்விலேயே காட்டியவர் மகேந்திரன். ‘துக்ளக்’ இதழில் பணியாற்றிய இவர் எழுதிய ‘இரண்டில் ஒன்று’ நாடகம், ‘தங்கப்பதக்கம்’ என மேடையில் புகழ்பெற்று, 1974-இல் படமாயிற்று. உணர்ச்சி மிக்க நீண்ட உரையாடல்கள் நிறைந்த படம் அது. அவரே இயக்குநராகி எடுத்த ‘முள்ளும் மலரும்’ (1978), ‘உதிரிப்பூக்கள்’ (1979) ஆகியவற்றில் சொல் குறைந்து, முகமும் மௌனமும் பேசின. கண்ணீரும் நடுக்கமும் பெருமூச்சும் பொருள் உணர்த்துதலை மெய்ப்பாட்டியல் முன்பே வகுத்துள்ளது. திரைக்கருவி அம்மெய்ப்பாட்டை அணுக்கத்தில் நின்று காட்டவல்லது. எனவே மேடையில் பயின்றவன் திரைக்கு வரும்போது கற்கவேண்டியது, தான் எழுதிய நல்ல வாக்கியத்தைத் தானே நீக்குதல்.

‘உதிரிப்பூக்கள்’ புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை அடியொற்றியது. திரைக்கு எழுதச் சென்று நலிந்து மறைந்தவரின் கதை, அவர் மறைந்து 31 ஆண்டு கழித்து, தமிழின் சிறந்த படங்களுள் ஒன்றாக எண்ணப்பெறும் படைப்பிற்கு வித்தாயிற்று. திரைக்கென எழுதியவற்றினும், தம் மனத்திற்கு உகந்தவாறு எழுதிய கதையே அவரைத் திரையில் நிலைநிறுத்தியது.

7. பெயரும் உரிமையும்

எழுதியவன் பெயர் மறைதல் ‘அபிமன்யு’வோடு முடிந்த குறையன்று. கதை களவு பற்றிய வழக்குகள் இன்றும் எழுகின்றன. இதன்பொருட்டே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் கதைகளைப் பதிவு செய்யும் முறையை வைத்துள்ளது. 2018-இல் ‘சர்கார்’ படம் வெளிவருமுன், ‘செங்கோல்’ என்னும் பெயரில் முன்னரே பதிவான கதையோடு அது ஒத்திருப்பதாகச் சங்கத்தின் தலைவராய் இருந்த கே. பாக்யராஜ் அறிவித்தார். வழக்கு உயர்நீதிமன்றத்தில் உடன்பாட்டில் முடிந்து, அக்கதையாசிரியருக்குப் படத்தில் நன்றி கூறப்பெற்றது. உதவி இயக்குநராகவும் உரையாடலாசிரியராகவும் தொடங்கி உயர்ந்த பாக்யராஜ் இத்தீர்ப்பை வழங்கியது குறிப்பிடத்தக்கது. எழுத்தாளன் பெற்ற பதிவுச்சீட்டு ஒன்றே அவனுக்குத் துணைநின்றது.

சட்டமும் ஒரு படி முன்னேறியுள்ளது. 2012-இல் திருத்தப்பெற்ற பதிப்புரிமைச் சட்டம், திரைப்படத்தில் இடம்பெறும் இலக்கியப் படைப்பின் ஆசிரியர்க்குத் திரையரங்கு தவிர்ந்த பிற பயன்பாடுகளில் உரிமைத்தொகையின் பங்கை உறுதி செய்கின்றது. அவ்வுரிமையை அவர் விட்டுக்கொடுத்தலும் செல்லாது. திரைக்கு எழுதப் புகும் இளைஞர், யாப்பும் அணியும் கற்பதுபோல் இதனையும் கற்றல் வேண்டும்.

8. முடிவுரை

இன்று சபா மேடைகள் அருகிவிட்டன. எனவே மேற்கூறிய வழி அடைபட்டது என்று எண்ணவேண்டா. அரங்கின் வடிவம் மாறியுள்ளது. கணிப்பொறித் துறையில் பணியாற்றிய கார்த்திக் சுப்பராஜும், நலன் குமரசாமியும் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படங்களை அவைமுன் வைத்துப் பயின்றவர்கள். முறையே ‘பீட்சா’ (2012), ‘சூது கவ்வும்’ (2013) ஆகிய படங்களோடு திரைக்கு வந்தனர். பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ முதலில் குறும்படம். 2012-இல் முழுநீளப் படம். குறும்படமே இக்காலத்து அரங்கேற்றம் எனின் தவறாகாது.

இவ்வரலாற்றால் பெறப்படுவன நான்கு: திரைக்கு முன் ஓர் அவையில் ஏறுக, வேலையைப் பகையாக எண்ணற்க, எழுதியதைப் பதிந்து வைக்க, பலருள் ஒருவனாகத் தொழில் செய்யப் பழகுக. ஐந்தாவதாகத் தமிழ் மாணவர்க்கே உரிய வாய்ப்பு ஒன்றுண்டு. சங்க அகப்பாடல் ஒவ்வொன்றும் ஒரு கூற்று. பேசுபவர் யார், கேட்பவர் யார், எச்சூழலில், எப்பயன் கருதி என்று வரையறுத்த பின்னரே நாம் அதற்குப் பொருள் காண்கின்றோம். திரையின் ஒவ்வொரு காட்சிக்கும் வேண்டப்படும் வினாக்கள் இவையே. ஈராண்டு இப்பயிற்சி பெறும் முதுகலை மாணவர், தாம் அறியாமலே திரையுரையின் இலக்கணத்தைக் கற்கின்றார்.

இக்கருத்துகளை எம் மாணவரிடம் கூறியபோது, தாம் எழுதி வைத்திருந்த திரையுரையை அவர் கொணர்ந்தார். உடன் பயிலும் மாணவர் ஐவர் பாத்திரங்களைப் பகிர்ந்துகொண்டு, ஒரு பிற்பகலில் வகுப்பறையில் அதனை உரக்கப் படித்தனர். மூன்றாவது காட்சியில், தந்தை மகனிடம் பேசும் நீண்ட உரையின்போது, படித்தவரே நடுவில் நிறுத்திவிட்டார். “இது யார் கூற்று?” என்று யாம் வினவினோம். எழுதியவர் சற்று நேரம் ஏட்டையே நோக்கியிருந்து, “தந்தை கூற்று என்று போட்டிருக்கிறேன் ஐயா, பேசுவது நான்தான்” என்றார். அன்று மாலை வண்டியில் வேப்பம்பட்டு வருமுன் அப்பக்கத்தின் பெரும்பகுதியை அடித்துவிட்டார். தந்தைக்கு எஞ்சியவை இரண்டே வாக்கியங்கள். இரண்டும் பட்டறையிலிருந்து வீடு திரும்பும் ஒருவர் உண்மையாகவே பேசக்கூடியவை.

அவர் படிப்பை நிறுத்தவில்லை, எழுதுவதையும் நிறுத்தவில்லை. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இத்தகைய படிப்பரங்குகளைத் திங்களுக்கு ஒருமுறையேனும் நடத்துமாயின், திரையுரையின் வரலாறு ஆராய்ச்சிக்குரிய பொருளாதலோடு, அவ்வரலாற்றில் இடம்பெறும் எழுத்தாளரும் நம் வகுப்பறைகளிலிருந்தே எழுவர் என்பது எம் துணிபு.